நீலக் கப்பலின் முறை

நடந்ததைத்தான் எழுதுகிறேன். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் பென்னலூருக்கு வரலாம். லேப்டாப் பீரோவுக்கு மேல்தான் கிடக்கிறது, பழைய லுங்கியில் சுற்றி வைத்திருக்கிறேன். எடுத்துத் தர மாட்டேன், நீங்களே ஸ்டூல் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த கேமின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் இன்றைக்கே யாராவது தேடிப் பிடித்து ஓட்டிப் பார்ப்பீர்கள்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்பது பகலில் வேலை பார்க்கிறவர்கள் கட்டிவிட்ட கதை. எனக்கு ஒரகடத்தில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் மூன்றாம் ஷிப்ட். ஊரெல்லாம் விடிந்து எழும்போது நான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவேன். என் ராத்திரி காலை எட்டு மணிக்குத்தான் ஆரம்பம். வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னலில் கறுப்புத் தார்ப்பாயை ஆணி அடித்து மாட்டியிருந்தோம். உச்சி வெயிலிலும் அந்த அறையில் கையை நீட்டினால் கை தெரியாது.

என் மனைவி பெயர் இசைவாணி. பிள்ளைப்பாக்கத்துப் பெண். அவளுக்கு வேறு கம்பெனி, முதல் ஷிப்ட். விடிவதற்கு முன்னால் கிளம்பி, மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்புவாள். நான் ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவேன். நடுவில் இருக்கிற அந்த ஆறு மணி நேரம்தான் எங்கள் குடித்தனம்.

எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அவன் பெயர் மோகன். டெங்கு காய்ச்சலில் போய்விட்டான். எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். பெரிய மனசுக்காரன் என்று கம்பெனியில் ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அந்த வீட்டுக்குள் காலை வைக்கும் வரைக்கும்.

அது அவன் வாடகைக்குப் பிடித்த வீடு. அவன் அடித்த ஆணியில்தான் என் சட்டை தொங்கியது. அவன் வாங்கிய கட்டிலில்தான் நான் படுத்தேன். இசை அவன் படத்தைக்கூட மாட்டி வைக்கவில்லை, பேச்சையும் எடுக்க மாட்டாள். எப்போதாவது வாய் தவறி வந்தால் 'அவரு' என்பாள். செத்தவனுக்கு 'அவரு', உயிரோடு இருக்கிற எனக்கு 'நீ'. கல்யாணத்துக்கு முன்னால் அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "வாணின்னு மட்டும் கூப்டாத நயினாரு. வேற எப்டி வேணா கூப்டு." யார் அப்படிக் கூப்பிட்டான் என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்! வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

சித்திரை வெயிலில் பரணைச் சுத்தம் செய்தபோதுதான் அது கிடைத்தது. ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்கு மேல் சிடி வைக்கும் பெட்டி. கப்பல் படம் போட்ட கேம். நாலு சிடிக்கு நாலு பள்ளம் இருந்தது, நாலாவது பள்ளம் காலி.

"இது என்னது?" என்று கேட்டேன்.

இசையின் முகம் மாறியது. "அத்த வுடு. நானும் அவரும் ஆடுன ஆட்டம். ஆளுக்கொரு ஷிப்டுல இருந்தோம் இல்ல, அதான்."

"ஓட்டிப் பாக்கட்டா?"

"ஓடாது. வுடு நயினாரு, எடுக்காத."

அதோடு அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உள்ளே குபுகுபு என்று வந்தது. ஓடாதாமே? கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினையே ஓட்டுகிறவன் நான். ஒரு செத்த ஆளின் விளையாட்டு என் கையில் ஓடாதா?

அடுத்த நாள் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் சொருகினேன். அதற்குள் அவர்கள் ஆடி சேமித்து வைத்த ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. இந்தக் காலத்து லேப்டாப்பில் அந்த கேம் ஓடாதுதான். எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடித்து கேமை ஏமாற்றும். அதை இறக்கினேன். வெளியே சொருகுகிற சிடி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி வந்து, சிடிகளை ஒவ்வொன்றாக லேப்டாப்புக்குள் ஏற்றினேன். மூன்றாவதில் ஒரே கீறல். பற்பசை போட்டுத் துடைத்துத் துடைத்து ஏற்றினேன். நாலாவது எங்கே தேடியும் இல்லை.

நாலு நாள் இழுத்தடித்தது. ஒரு தரம் சத்தம் வந்து படம் வராது, ஒரு தரம் படம் வந்து உறைந்துவிடும். ஐந்தாம் நாள் மத்தியானம் ஓடியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

திரையில் கடல். ஒரு சிவப்புக் கப்பல், ஒரு நீலக் கப்பல். இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம். ஒருவர் தன் முறையை ஆடிச் சேமித்து வைத்துவிட்டுப் போகலாம், மற்றவர் எப்போது வேண்டுமானாலும் வந்து தன் முறையை ஆடலாம். முறை முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு வரி எழுதி வைக்க ஒரு கட்டம் வரும். ஒரு சிடிக்கு ஒரு கடல். நாலாவது சிடியில் துறைமுகம். அங்கே இரண்டு கப்பலும் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. இவர்கள் மூன்றாவது கடலிலேயே நின்றுபோயிருந்தார்கள்.

ஃபைல்களில் நேரம் இருந்தது. சிவப்புக் கப்பல் ஆடியதெல்லாம் உச்சி மத்தியானம். நீலம் ஆடியதெல்லாம் ராத்திரி பத்து மணி வாக்கில். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மத்தியானம் வீட்டில் இருக்கிறவன் நைட் ஷிப்ட்காரன், என்னைப் போல. ஆகவே சிவப்பு மோகன். பகல் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஆடுகிற நீலம் என் இசை. இதைப் போய் அவளிடம் கேட்க வேண்டுமா என்ன!

கடைசியாக நீலம் சிவப்புக்கு எழுதியிருந்தது, ஆங்கில எழுத்தில் தமிழாக. 'உடம்பு சரியில்ல. நாளைக்கு ஆடறேன். கோச்சிக்காத.'

பாவம், அவளுக்கு அன்றைக்கு ஏதோ காய்ச்சல் போல. அதற்குப் பிறகு சிவப்பின் முறை. அதை ஆடாமலேயே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

நான் ஆடினேன். அவன் இடத்தில் உட்கார்ந்து, சிவப்புக் கப்பலை நகர்த்தினேன். எழுதுகிற கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமித்தேன். நீ முடிக்காததை நான் முடிக்கிறேன் பார் என்று வாய்விட்டே சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து திறந்தேன்.

நீலக் கப்பல் நகர்ந்திருந்தது.

சேமித்த நேரம் முந்தின ராத்திரி 10:05. நான் கம்பெனியில் இருந்த நேரம். வீட்டில் இசை மட்டும் இருந்த நேரம். கட்டத்தில் ஒரு வரி இருந்தது.

'இத்தினி நாளா எங்க போன?'

எடுக்காதே என்று என்னிடம் சொன்னவள் திருட்டுத்தனமாக ஆடுகிறாள். அதுவும் யாரோடு? என்னோடா ஆடினாள்? அவனோடு அல்லவா பேசுகிறாள்!

சாயங்காலம் அவள் டீ போட்டுக் கொடுத்தபோது முகத்தையே பார்த்தேன். கள்ளம் தெரியவில்லை. கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் மறைத்துவிடுவாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் மோகனாகவே எழுத ஆரம்பித்தேன். 'இங்கதான் இருக்கேன்' என்று எழுதினேன்.

ராத்திரி 10:05-க்குப் பதில். 'சாப்டியா? எளச்சிப் போயிருப்ப.'

என்னை ஒரு நாளாவது இளைத்துப் போய்விட்டாய் என்று சொல்லியிருப்பாளா அவள்? தொப்பை போடுது, சோத்தைக் குறை என்றுதான் சொல்வாள்.

'நீ எப்டி இருக்க?' என்று எழுதினேன்.

'இருட்டா கீது. ஈரமா கீது. மேல ஆளுங்க நடக்கற சத்தம் கேக்குது.'

கப்பலின் அடித்தளத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். என்ன ஒரு நடிப்பு, என்ன ஒரு கொஞ்சல்! பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

இரண்டு கப்பலும் மூன்றாவது கடலின் ஓரத்தை நெருங்கிவிட்டன. அதற்கு மேல் நாலாவது சிடி வேண்டும். எப்படியும் ஆட்டம் அங்கே நின்றுவிடும். அதற்குள் அவளைப் பிடித்தாக வேண்டும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் 12:40. இசை கம்பெனியில் இருந்தாள். அவர்கள் லைனில் போன்கூடக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் சிவப்பின் முறையை ஆடிவிட்டுக் கட்டத்தில் எழுதினேன்.

'உன்ன வுட்டு இருக்க முடியல. என்கிட்ட வந்துடு.'

என்ன பதில் எழுதுகிறாள், பார்த்துவிடலாம். ராத்திரி எழுதட்டும். காலையில் இருக்கிறது அவளுக்கு. சேமித்துவிட்டு மூடப் போனேன்.

மூட முடியவில்லை.

நீலக் கப்பல் நகர ஆரம்பித்தது.

நான் எதையும் தொடவில்லை. கையை மடியில் வைத்திருந்தேன். கப்பல் மெதுவாகக் கடலின் ஓரத்துக்குப் போனது. திரையில் எழுத்து வந்தது. நாலாவது சிடியைப் போடவும்.

பக்கத்தில் அந்த சிடி டிரைவ் இன்னும் சொருகியே இருந்தது. காலி டிரைவ்.

டக்.

தட்டு வெளியே வந்தது. வந்து, அப்படியே நின்றது. யாருக்கோ காத்திருக்கிற மாதிரி.

அறையில் ஒரு வாசனை. ஏரிக்கரையில் மழைக்குப் பிறகு வருமே, அந்த ஈர மண் வாசனை. வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது...

டக். தட்டு உள்ளே போனது.

கிர்ர்ர்ர்... உள்ளே எதுவோ சுற்றியது.

திரையில் துறைமுகம் வந்தது. சிவப்புக் கப்பல் கரையில் நின்றது. நீலக் கப்பல் அதன் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றது. கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'வரேன் வாணி.'

வாணி.

நான்தானே மோகனாக எழுதினேன்? மோகனிடம் போய் யார் வாணி என்று எழுதுகிறார்கள்?

எனக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு நேரமும் இல்லை.

மின்விசிறி நின்றது.

ஷிப்ட் வீடுகளில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். வெளியே கரண்ட் மீட்டர் பெட்டிக்கு மேல் ஒரு சாவி இருக்கும். வருகிறவர் எடுத்துச் சத்தம் இல்லாமல் திறந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். எனக்கு முன்னாலிருந்தே அதுதான் வழக்கம்.

மீட்டர் பெட்டியின் தகரத்தில் சாவி உரசியது.

கிறீச்...

நான் கட்டிலில் ஏறிப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். ஆம்பிளை என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். நீங்கள் அங்கே இல்லை.

பூட்டு திறந்தது. மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பாமல் திறக்கிற மாதிரி.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிற சத்தம்.

காலடி. ஈரக் காலடி. சப்... சப்...

நின்றது.

கட்டிலின் ஒரு பக்கம் அமுங்கியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

மண் வாசனை மூக்கை அடைத்தது.

போர்வைக்கு மேல் ஒரு கை. என் தலையில். வருடியது. அவ்வளவு ஆசையாக...

"வாணி... தூங்கறியா?"



கை போர்வைக்குள் வந்தது. சில்லென்று இருந்தது. நெற்றி. கன்னம்.

மீசை.

விரல்கள் அங்கேயே நின்றன.

"யாரு நீ?"

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. நான் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது. உள்ளே வந்த காலடியைக் கேட்டேன். வெளியே போன காலடி எனக்குக் கேட்கவே இல்லை.

விளக்கு எரிந்தபோது கத்திவிட்டேன். எதிரே இசை நின்றாள், கையில் டிபன் பை. மணி 3:10. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா ஆச்சு? ஏன் கதவத் தொறந்து போட்டுனு தூங்கற? தரையெல்லாம் இன்னா இவ்ளோ சேறு?"

நான் பேசுவதற்கு முன்னால் அவள் திரையைப் பார்த்துவிட்டாள். துறைமுகம், இரண்டு கப்பல், அந்த ஒரு வரி. டிபன் பை கையிலிருந்து நழுவி விழுந்தது.

"எடுக்காதன்னு சொன்னேனே... இன்னா பண்ணி வெச்ச நீ?"

எனக்குப் பயத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது. "நீதானே தெனமும் ராத்திரி ஆடுன! நான் மோகனா எழுதினா நீ பதில் எழுதுன. சாப்டியான்னு கேட்ட, எளச்சிப் போயிருப்பன்னு சொன்ன!"

"நா தொடவே இல்ல. எங்கம்மா மேல சத்தியமா தொடல." திரையைக் காட்டிக் கேட்டாள். "எந்தக் கப்பல்ல ஆடுன நீ?"

"செவப்பு. மோகனோட கப்பல்."

இசை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செவப்பு என்துடா... நாந்தான் அப்போ நைட்டு. போன் கம்பெனில பொம்பளைங்களுக்குத்தான் நைட் ஷிப்டு போட்டாங்க. அவரு பகல் வேலைக்குப் போயிட்டு வந்து, ராத்திரி பத்து மணிக்கு ஆடுவாரு. நீலம்தான் அவரு."

உடம்பு சரியில்ல, நாளைக்கு ஆடறேன். காய்ச்சல் வந்தது அவளுக்கு இல்லை.

நான் கூப்பிட்டது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. அவள் இடத்தில் உட்கார்ந்து, அவள் பெயரால் எழுதியிருக்கிறேன். உன்னை விட்டு இருக்க முடியவில்லை, வந்துவிடு என்று.

இசை எழுந்து சிடி டிரைவின் பொத்தானை அழுத்தினாள். தட்டு வெளியே வந்தது. அதில் ஒரு சிடி இருந்தது. நாலாவது சிடி. ஓரமெல்லாம் ஈர மண், நடுவில் ஒரு புல் வேர் ஒட்டியிருந்தது.

"எங்க இருந்திச்சு இது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் சேந்துதான் முடிக்கணும்னு பேசி வெச்சிருந்தோம். அவரு போனப்புறம் நா மட்டும் இன்னாத்த முடிக்கறது? தூக்கறதுக்கு முன்னால, யாருக்கும் தெரியாம அவரு நெஞ்சு மேல வெச்சி, நாந்தான் சட்டைப் பட்டனப் போட்டேன். அதோடதான் பொதைச்சாங்க." கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "நா கூப்ட்டா அவரு வந்துருவாரு நயினாரு. எனக்குத் தெரியும். அதனாலதான் இத்தினி வருசமா கூப்டவே இல்ல. உன்கூட வாழணும்னுதான் கூப்டல."

இதைக் கேட்கத்தான் நான் இத்தனை நாள் தவித்தேன். கேட்ட அன்றைக்கு அது எனக்கு எதற்கும் உதவவில்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் மோகனைப் புதைத்த பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை இடுகாட்டுக்குப் போனோம். சிடியை அவன் பக்கத்திலேயே புதைத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். மண் எங்காவது கிளறியிருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அவன் மேட்டில் புல் கெட்டியாகப் படர்ந்திருந்தது, ஒரு விரல் அளவுகூடக் கலையவில்லை. கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க முடிந்தது.

அந்த வாரமே வீடு மாறினோம். இரண்டு தெரு தள்ளி, மாடி வீடு. மீட்டர் பெட்டிக்கு மேல் சாவி வைப்பதை விட்டுவிட்டோம். அவன் கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன், அகலமான கட்டில். லேப்டாப்பை விற்க மனசு வரவில்லை. வாங்குகிறவன் திறந்துவிட்டால்? இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு பேருக்கும் லீவு. கறி சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். கண் அசந்த கொஞ்ச நேரத்தில் நான் கட்டிலின் விளிம்புக்கு வந்திருந்தேன், ஒரு கால் தரையைத் தொட்டது. திரும்பிப் பார்த்தேன். இசை அந்தக் கோடியில், சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் சும்மா கிடந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் படு இசை," என்றேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே, சலித்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க தள்றது? எடமே இல்லயே."